பரஸ்தானம் வைத்த முதுகுப் பை

மயிலாப்பூர்க்காரன் வெளியூருக்குப் புறப்பட்டால், அவனுக்கு முன்னால் அவன் மூட்டை புறப்படும். மூட்டைக்கு முன்னால் பஞ்சாங்கம் புறப்படும். இந்த இரண்டையும் நம்பி நான் ஒரு தடவை மீன் பிடிக்கப் போனேன்.

ஆமாம், மீன்தான். மீன் உலரும் நொச்சிக்குப்பம் பக்கம் சைக்கிளில் போனால்கூட அங்கவஸ்திரத்தால் மூக்கைப் பொத்திக்கொள்ளும் வம்சம் எங்களுடையது. கத்தரிக்காயில் புழு இருந்துவிட்டால் அன்றைக்குக் கூட்டே கிடையாது. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை ஏன் மீன் பிடிக்கப் போனான் என்று கேட்பீர்கள். கல்யாணம் செய்துகொள்ளத்தான்!

மயிலாப்பூர் லஸ்ஸில் பஞ்சு ஐயர் என்று ஒரு வக்கீல் இருந்தார். கோர்ட்டில் புலி, சாப்பாட்டில் பசு. வருஷா வருஷம் கோர்ட் விடுமுறையில் நீலகிரிக்குப் போவார். முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு காடு மேடெல்லாம் நடப்பார். அங்கங்கே ஓடையில் இறங்கி, டிரவுட் என்கிற சீமை மீனைத் தூண்டில் போட்டுப் பிடிப்பார். யாரோ ஒரு வெள்ளைக்கார ஜட்ஜிடம் கற்றுக்கொண்ட வித்தை. அந்தத் தூண்டிலுக்குப் புழு கிடையாது. சின்ன முள்ளின்மேல் பட்டு நூலையும் பறவை இறகையும் சுற்றி ஈ மாதிரி செய்திருப்பார்கள். அந்தப் பொய்ப் பூச்சியைத் தண்ணீரின் மேல் வீசினால், நிஜம் என்று நம்பி மீன் வந்து கவ்வும். பஞ்சு ஐயர் அதைக் கையில் ஏந்திப் பார்த்து, "பேஷ்! போயிட்டு வா" என்று சொல்லித் திரும்ப ஓடையிலேயே விட்டுவிடுவார். அப்புறம் அதே ஓடையில் ஸ்நானம். (மீனுக்கு ஒரு முழுக்கு, மாமாவுக்கு ஒரு முழுக்கு.)

அவருடைய இளைய பெண் சரசாவை நான் பெண் பார்த்திருந்தேன். ஜாதகம் பொருந்தியது. பஜ்ஜியும் பொருந்தியது. "பெண்ணிடம் ஏதாவது கேளேன்டா" என்று எல்லோரும் தூண்டிவிட்டதில், நான் "சௌக்கியமா?" என்று கேட்டுத் தொலைத்தேன். அவள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே நான் காலி. ராத்திரி தூக்கம் போயிற்று, ஆபீஸில் கூட்டல் கழித்தல் போயிற்று.

ஆனால் பஞ்சு ஐயர் வாக்குக் கொடுக்கவில்லை. "வைத்தி, நாலு நாள் என்னோட மலையிலே நடந்து வா. மனுஷன் எப்படீன்னு அவன் தூக்கற பையிலே தெரிஞ்சுடும். அப்புறம் முகூர்த்தம் பார்க்கலாம்" என்றார்.

எனக்கு முன்னால் ஒரு டிப்டி கலெக்டர் பிள்ளை அப்படிப் போய், ஊட்டியில் இறங்கியதும் பையைத் தூக்கக் கூலி ஆள் வைத்தானாம். சம்பந்தம் அந்தப் பிளாட்பாரத்தோடு முடிந்தது.

"அவனவன் பையை அவனவன்தான் தூக்கணும். தூக்க முடிஞ்சதை மட்டும் எடுத்துக்கோ. எடுத்துண்டா கடைசிவரைக்கும் தூக்கு. அடுத்தவா குடுக்கற பொட்டலம், ஊஹூம், மூச்!" என்பது அவர் சட்டம். கோயமுத்தூரில் இருக்கும் மூத்த பெண்ணுக்கு மாமி ஒரு முறுக்கு டப்பா கொடுத்தால்கூட, "நான் என்ன பார்சல் ஆபீஸா?" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறவர்.

கடைசியில் ஒரு தகர டப்பாவை என் கையில் பூப்போல வைத்தார். உள்ளே இருந்தவை அவர் சீமையிலிருந்து வரவழைத்த பூச்சிகள். "என் பிராணன் இது. பத்திரம்" என்றார்.

முதலில் பைக்கு ஏற்பாடு செய்தேன். திருவல்லிக்கேணியில் காசிம் பாய் என்கிற தையற்காரர். பரம்பரையாகக் கூடாரமும் குதிரைச் சேணமும் தைக்கிற குடும்பம். விஷயத்தைச் சொன்னதும் என்னைச் சுற்றி வந்து பார்த்தார்.

"குதிரை முதுகுக்குத் தச்சிருக்கேன், ஒட்டகத்துக்குத் தச்சிருக்கேன். அய்யர் முதுகுக்கு இப்பதான் தைக்கப் போறேன், சாமி."

"வார் அறுந்துடாதே, பாய்?"

"இன்னா சாமி இப்படிக் கேட்டுட்டே! யானையை உள்ள வச்சுத் தூக்கு. வார் அறுந்துச்சுன்னா நான் கத்திரியைத் தொடமாட்டேன்!"

அடுத்தது பயிற்சி. வக்கீல் கொடுத்த தூண்டில் கழியை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். பின்னால் ஒரு வீச்சு, முன்னால் ஒரு வீச்சு, நூல் வில்லாக வளைந்து போய் மெதுவாக விழவேண்டும். நான் பின்னால் வீசியது முன்னால் வரவேயில்லை. திரும்பிப் பார்த்தால், கொடியில் உலர்ந்துகொண்டிருந்த அத்தையின் மடிப்புடவை முள்ளில் மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தது. வெடுக்கென்று இழுத்தேன். டர்ர்ர்!

"அடப் பாவி! மீன் முள்ளாலே என் மடியைத் தொட்டுட்டியேடா! இப்போ நான் எதைக் கட்டிண்டு அடுப்பண்டை போறது?" என்று அத்தை போட்ட சத்தத்தில் கோயில் குளத்துப் புறாக்கள் கிளம்பின. (அன்று வீட்டில் யாருக்கும் சமையல் இல்லை. எல்லோரும் அவல் சாப்பிட்டுக்கொண்டே என்னை முறைத்தார்கள்.)

அப்பா பஞ்சாங்கத்தை எடுத்தார். "சகுனமே சரியில்லே. போறாததுக்கு வெள்ளிக்கிழமை ரயில். வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். கல்யாணக் காரியமாப் போறவன் சூலத்துக்கு எதிர்த்தாப்பலேயா போறது? வியாழக்கிழமை கார்த்தாலே நல்ல வேளை இருக்கு. மாம்பலத்திலே சித்தப்பா ஆத்துலே பரஸ்தானம் வச்சுடு."

பரஸ்தானம் தெரியாத பாக்கியசாலிகளுக்காகச் சொல்கிறேன். புறப்படுகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் வரும் நல்ல வேளையில் மூட்டையை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. மூட்டை புறப்பட்டால் நாமே புறப்பட்ட மாதிரி. சூலம் ஏமாந்துவிடும். மறுநாள் போகிற வழியில் மூட்டையை எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் ஒரு நிபந்தனை. வைத்த மூட்டை வீட்டுக்குத் திரும்பக் கூடாது. எல்லை தாண்டும்வரை அதைத் திறக்கவும் கூடாது.

நானும் பயபக்தியாகப் பையைக் கட்டினேன். இரண்டு வேஷ்டி, ஒரு கம்பளி, ஒரு சொம்பு, அவல், வெல்லம், பூச்சி டப்பா. ஒரு விரலால் தூக்கலாம். 'மாமா பார்த்து அசந்துபோவார்' என்று நினைத்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்தது. வியாழன் காலை மாம்பலத்தில் சித்தப்பா வீட்டுக் கூடத்தில் பையை வைத்துவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனபோது என் பையைக் காணோம். அதே இடத்தில், அதே காக்கித் துணியில், பிள்ளையார் மாதிரி தொந்தி தள்ளிக்கொண்டு என்னமோ ஒன்று உட்கார்ந்திருந்தது.

"சித்தி, என்ன இது?"

"உன் பைதான்டா. கொஞ்சம் தட்டை போட்டேன். ஒண்டியாப் போறியேன்னு திரட்டிப்பால். குளிருக்கு ஒரு குமுட்டி அடுப்பு. பக்கத்தாத்து மாமி, எதிராத்து மாமி, வேற யார் யாரோ வந்தா. வழியிலே கோயமுத்தூர்லே இறக்கிடுவியாம்."

"பரஸ்தானம் வச்ச பையைத் திறக்கப்படாதுன்னு..."

"போறவன்தானேடா திறக்கப்படாது? போடறவாளுக்கு என்ன?"

இந்தச் சட்ட நுணுக்கத்துக்கு வக்கீலாலேயே பதில் சொல்ல முடியாது. நான் எங்கே சொல்வது? பாதியையாவது எடுத்து வெளியே வைக்கலாம் என்று கையைக் கொண்டுபோனேன். "தொடாதே!" என்று சித்தி போட்ட அதட்டலில் கை தானாகத் திரும்பி வந்தது. அதற்குள், பேசி வைத்தபடி பனகல் பார்க்கண்டை பஞ்சு ஐயர் வந்து நின்றுவிட்டார். தம் பிடித்து மாட்டிக்கொண்டேன். முதுகெலும்பு 'ஐயோ' என்றது, நான் சொல்லவில்லை.

"சபாஷ்! நேரம் நிறைய இருக்கு. சென்ட்ரல் வரைக்கும் காலாற நடந்துடலாம்" என்றார் பஞ்சு ஐயர். தலையணை மாதிரி ஒரு பையை மாட்டிக்கொண்டு அவர் பாட்டுக்கு முன்னால் போனார். நான் பின்னால் போனேன். போனேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. கணகண, லொடலொட என்று என் முதுகில் ஒரு பாத்திரக்கடை வந்துகொண்டிருந்தது.

"என்னடா சத்தம்?"

"சொம்பு, மாமா."

"ஒரு சொம்புதானே?"

"கொஞ்சம் பெரிய சொம்பு."

மவுண்ட் ரோடு வந்தது. கண்ணில் பூச்சி பறந்தது (பொய்ப் பூச்சி இல்லை, நிஜமாகவே). சரசா, சரசா என்று ஜபம் செய்துகொண்டே ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தேன். இந்தப் பையை இறக்கினால் அவள் இல்லை. ரவுண்ட் டாணா நாற்சந்தி அருகில் வரும்போது முதுகில் ஒரு சத்தம். வார் அறுபடவில்லை. காசிம் பாய் சொன்ன சொல் தவறாதவர். பையின் அடித்துணிதான் அப்படியே பிளந்துகொண்டது.

குமுட்டி அடுப்பு விழுந்தது. தட்டை விழுந்து நொறுங்கியது. ஊறுகாய் ஜாடி, இட்லித் தட்டு, யாரோ ஒரு குழந்தைக்கான மரப்பாச்சி, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மவுண்ட் ரோட்டில் இறங்கின. கடைசியாக, துணி சுற்றிய கனமான சாமான் ஒன்று டங் என்று விழுந்து, சக்கரமாக உருண்டு, ஒரு ரிக்ஷாவின் காலடியில் போய்ப் படுத்தது.

ரிக்ஷாக்காரர் இறங்கிப் பார்த்தார். "இன்னா நைனா, வூட்டையே காலி பண்ணிக்கினு போறியா? அம்மிக்கல்லு எங்க கீது, மறந்துட்டியா?"

ஜனங்கள் கூடிவிட்டார்கள். பஞ்சு ஐயர் மட்டும் சிரிக்கவில்லை.

"என் பூச்சி எங்கே?" என்றார்.

நல்லவேளை, தகர டப்பா அங்கேதான் கிடந்தது. ஓடிப்போய் எடுத்துப் பெருமையாகத் திறந்து நீட்டினேன். உள்ளே எலுமிச்சங்காய் ஊறுகாய்.

'செத்த பூச்சியெல்லாம் எதுக்குடா டப்பாவிலே' என்று சித்தி எப்போதோ அவற்றைக் கொல்லையில் கொட்டியிருக்கிறாள். அது எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் மாமாவின் முகம்தான். அவர் பிராணனுக்கு நான் உப்பும் மிளகாய்ப்பொடியும் போட்டுவிட்டேன். என் கல்யாணம் நடுத்தெருவில் தட்டையோடு தட்டையாகக் கிடந்தது. அழுகையே வந்துவிட்டது எனக்கு. வெட்கப்படாமல் சொல்கிறேன், மூக்கைக்கூட உறிஞ்சினேன்.

மாமா ரிக்ஷாவண்டை போனார். உருண்டு வந்த சாமானைக் காலால் நகர்த்தப் போனவர், நின்றார். குனிந்து துணியைப் பிரித்தார்.

தோசைக்கல். எண்ணெய் குடித்துக் குடித்துக் கரும்பளிங்காக ஆன, பழகின கல். ஓரத்தில் ஒரு சின்ன உடைசல்.

"இது எங்காத்துக் கல்லுடா!" என்றார் பஞ்சு ஐயர். "நான்தான் ஒரு நாள் கோவத்திலே விட்டெறிஞ்சேன். அந்த உடைசல் என்னோடது!"

கோயமுத்தூர் மூத்த பெண்ணுக்கு அங்கே எந்தக் கல்லிலும் தோசை வார்க்க வரவில்லையாம். 'அம்மா, நம்மாத்துக் கல் வேணும்' என்று எத்தனையோ நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாளாம். கணவரிடம் கேட்டு அலுத்துப்போன மாமி, என் பை மாம்பலத்தில் கேட்பாரற்று உட்கார்ந்திருப்பதைக் கேள்விப்பட்டு, வியாழக்கிழமை மத்தியானமே சரசாவையும் கூட்டிக்கொண்டு வந்து, முதுகுப் பக்கமாக நிற்கவைத்துக் கல்லைச் சொருகிவிட்டுப் போயிருக்கிறாள். பையைப் பிளந்த கனம் மாமாவின் வீட்டுக் கனம்.

அவர் துணியை உதறினார். உதறியவர் கை அப்படியே நின்றது. ஒரு நீல ரவிக்கைத் துண்டு. அதன் உட்பக்கத்தில், வரிசை பிசகாமல், ஒவ்வொரு முள்ளும் துணியில் குத்தி, ஒரு இறகுகூட நசுங்காமல், அவருடைய பூச்சிகள் அத்தனையும் இருந்தன.

சித்தி கொல்லையில் கொட்டியதைச் சரசா பார்த்திருக்கிறாள். வாழை மரத்தடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கியிருக்கிறாள்.

மாமா என்னைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். "வருஷா வருஷம் இதையெல்லாம் தூசி தட்டி அடுக்கறது அவதான்" என்று மெதுவாகச் சொன்னார். "நான் பரீட்சை வைக்கறதுக்கு முந்தியே அவ தீர்ப்பு எழுதிட்டாளேடா!"

எனக்கு அழுகை நின்று சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு ஜனங்களுக்கு நடுவில், கிழிந்த பையோடு, உலகத்திலேயே பெரிய பணக்காரன் மாதிரி நின்றேன்.

"என்ன இளிப்பு? ரயில் போயிடும். கட்டு!" என்று அதட்டினார். என் வேஷ்டியை விரித்து, மிச்சம் மீதியை மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டேன். கல்லையும் தூக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

"எங்காத்துக் கல். நான் தூக்கிக்கறேன்."

மவுண்ட் ரோட்டில் அன்று பார்த்தவர்கள் பாக்கியசாலிகள். முன்னால் முதுகில் தோசைக்கல்லைக் கட்டிக்கொண்டு ஹைகோர்ட் வக்கீல். பின்னால் தலையில் மூட்டையோடு மாப்பிள்ளை. ரிக்ஷாக்காரர் பின்னாலிருந்து, "மாமா, தோசை ரெண்டு எனக்கும் எடுத்து வையி!" என்று கத்தினார். மாமா திரும்பிப் பார்த்து, "வாய்யா, கோயமுத்தூர் வா!" என்றார்.

காலையில் கோயமுத்தூர் ஸ்டேஷனில் மூத்த பெண் ஓடிவந்தாள். "அப்பா, நீயா இதைத் தூக்கிண்டு வந்தே?" என்று கல்லை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். பார்சல் ஆபீஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

நீலகிரியில் நான் பிடித்தவை: ஒரு முட்செடி, மாமாவின் தொப்பி, என் வலது காது. மீன் எதுவும் என்னிடம் ஏமாறவில்லை. தை மாதம் கல்யாணம் நடந்தது. சீர்த்தட்டில் வெள்ளிப் பாத்திரங்களுக்கு நடுவே ஒரு புதுத் தோசைக்கல்லும் இருந்தது. காசிம் பாய் பந்தியில் உட்கார்ந்து ஜிலேபி சாப்பிட்டுக்கொண்டே, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "வார் அறுந்துச்சா? மாப்பிள்ளையைக் கேளு!" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்றைக்கும் யாராவது வீட்டுக்கு வந்து, "நீங்க அந்தக் காலத்திலே நீலகிரியிலே மீன் பிடிச்சவராமே? எவ்வளவு பெரிசு?" என்று கேட்டால், நான் வாயைத் திறப்பதற்குள் சரசா அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்துவிடுவாள். மற்றவர்கள் மீன் பெரிசைக் காட்ட இரண்டு கையையும் நீட்டி அகட்டுவார்கள் அல்லவா? அவள் அப்படிக் காட்டமாட்டாள். இரண்டு கையையும் வளைத்து, வட்டமாகக் காட்டுவாள்.