ஜுசாராவின் கூந்தலும் ஐவர் குழுவும்

சால்வதோர், பாகியா

பெருமதிப்புக்குரிய வழக்கறிஞர் அண்ணன் அரிஸ்திதெஸ் அவர்களுக்கு, தம்பி வல்தெமீரோ வணங்கி எழுதுவது. இங்கே யாவரும் நலம், என் முழங்கால் நீங்கலாக. பிரேசிலில் எல்லோருமே கலந்து பிறந்தவர்கள், கறுப்பருக்குத் தனி இடம் எதற்கு என்று நீங்கள் பத்திரிகையில் எழுதியதையும், ஒதுக்கீடு செல்லும் என்று 2012இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னபோது மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்ததையும் நான் மறக்கவில்லை. ஆனாலும் என் மகள் ஜுசாரா மருத்துவப் படிப்புக்கு ஒதுக்கீட்டில் மனுப் போட்டுவிட்டாள். மன்னியுங்கள்.

சிக்கல் என்னவென்றால், ஆளை நேரில் நிறுத்தி, கறுப்புதானா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று உண்டு. நம் பிறப்புச் சான்றிதழ்களிலோ, அப்பா பதிவாளருக்குக் கொடுத்த ஒரு கூடை நண்டின் புண்ணியத்தில், குடும்பமே வெள்ளை. கொள்ளுத்தாத்தா படம் வரை ஒரு பெட்டி ஆதாரம் திரட்டிக்கொண்டு காலையில் நான் கிளம்பினால், என் மனைவி தால்வா மகளைக் கொண்டுவந்து நிறுத்துகிறாள்: சூட்டுச் சீப்பால் சுருட்டை முடியை நீட்டி, முகத்தில் அரை டப்பா பவுடர்!

"அடிப்பாவி, என்ன காரியம் பண்ணிட்ட?"

"பெரிய மனுஷங்க முன்னாடி போறா. பரட்டைத் தலையோடயா அனுப்புவேன்? நம்ம கல்யாணத்துக்கு நானும் இப்படித்தானே வந்தேன்!"

"இன்னிக்கு ஒரு நாள் அவ அவளாப் போனாப் போதும்டி!"

மகள் அழுதேவிட்டாள். "அப்பா, டாக்டராகணும்னு சின்ன வயசுலேருந்து ஆசைப்பா." பல்கலைக்கழக வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவரிடமிருந்து குழாயைப் பிடுங்கி அவள் தலையில் பிடித்தேன். நனைந்ததும் ஒவ்வொரு சுருளாகத் துள்ளி எழுந்தது பாருங்கள் அண்ணா! வரிசையில் நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். சொட்டச் சொட்ட உள்ளே போனாள், பின்னாலேயே நானும் போய்ப் பெட்டியைத் திறந்தால், குழுத் தலைவி அம்மாள் சிரிக்கிறார்.

"மூடுங்க ஐயா. தாத்தாவ யாரு கேட்டா? போலீஸ்காரன் பஸ்ஸை நிறுத்துனா தாத்தா படத்தையா பாக்குறான், உங்க மூஞ்சியத்தானே பாக்குறான்?"

இரண்டே நிமிடம், கறுப்புதான் என்று கையெழுத்தாகிவிட்டது. நான் வாசலில் ஆடினேன், முழங்காலையும் மறந்து.

அண்ணிக்கு என் அன்பு. நம் ஊர்க் கோயில் பொன்ஃபிம் ஆண்டவர் உங்கள் வழக்குகளில் பாதியையாவது ஜெயிக்க வைப்பாராக.

இப்படிக்கு,
வல்தெமீரோ

பி.கு.: உறையை ஒட்டும்போது தேர்வானவர்கள் பட்டியல் வந்துவிட்டது. இப்போதைய சட்டப்படி மதிப்பெண்ணை முதலில் பொதுப்பட்டியலில்தான் வைத்துப் பார்ப்பார்களாம். ஜுசாரா அதிலேயே தேறிவிட்டாள், ஒதுக்கீடு தேவையே படவில்லை! அந்த இடம் ஒரு மீன்காரி மகளுக்குப் போயிற்றாம். தால்வா தெருவுக்கே அகராஜே வடை பொரித்துக்கொண்டிருக்கிறாள். இனிமேல் அவள் இடத்தை எதிர்த்து நீங்கள் வழக்குப் போடுவதென்றால் பொதுப்பட்டியல்மேல்தான் போட வேண்டும். எதிர்வாதி உங்களுக்கு மகள் முறை, யோசித்துப் போடுங்கள்.