கூலிங் அண்ணன் கழற்றிய குல்லா

அன்றைக்குத் திருவரங்குளத்து வீட்டில் இருந்தவர்கள் மொத்தம் எட்டுப் பேர். பெண், பெண்ணின் அப்பா, அம்மா, அத்தை. எங்கள் பக்கம் நான், என் அம்மா, தாய்மாமன். எட்டாவது ஆள் கூலிங் அண்ணன். பெண் பார்க்கப் போகிற இடத்துக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. "தலையைப் பத்திப் பேச்சு வந்தா வைத்தியரு பக்கத்துல இருக்க வேணாமா?" என்று அவரே பஸ் ஏறிவிட்டார்.

மனுசனுக்கு வருவது எல்லாமே சூடுதான், வேறு வியாதியே கிடையாது என்று கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யக்கூடிய ஒரே ஆள் இந்தப் புதுக்கோட்டை மாவட்டத்தில் கூலிங் அண்ணன்தான். ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் பிளாண்டில் கட்டி உடைக்கிற மெஷின் அவர் கையில். எந்தப் படகுக்கு எத்தனை கட்டி ஏறியது என்று நோட்டில் குறிப்பது நான். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அந்த நோட்டுதான் உத்தியோகம். அவர் நிஜப் பெயர் இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது.

பல்வலியா, ஐஸ். காய்ச்சலா, ஐஸ். முதலாளியின் ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லையா, இன்ஜின் மேல் ஐஸ். ஒருநாள் ஏலத்தில் இரண்டு மீன் வியாபாரிகள் அடித்துக்கொள்ளப் போனார்கள். கூலிங் அண்ணன் ஆளுக்கொரு பெரிய துண்டு ஐஸை இரண்டு கையிலும் பிடிக்கக் கொடுத்து, "யாரு மொதல்ல கீழ போடுறாங்களோ அவுங்க மேல தப்பு" என்றார். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேருக்கும் விரல் மரத்துப் போய், ஒருவரைப் பார்த்து ஒருவர் விரல் நீட்டிப் பேச முடியவில்லை. சமாதானமாகப் போனார்கள்.

சித்திரை வெயிலிலும் அவர் மங்கி குல்லாவைக் கழற்ற மாட்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று துறைமுகத்தில் யாருக்கும் தெரியாது. வெட்டுத் தழும்பு என்றார்கள். வேண்டுதல் முடி என்றார்கள். கேட்டால், "கூலிங் வெளிய போயிரும்" என்பார். பெயர் வந்ததே அப்படித்தான்.

என் கதைக்கு வருகிறேன். எனக்கு இருபத்தெட்டு வயதிலேயே நெற்றி இரண்டு ஓரமும் மேலே ஏறி, உச்சியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தோல் தெரிந்தது. நான் சும்மாவே கவலைப்படுகிறவன். படகு கடலுக்குப் போனால் இலங்கை நேவி பிடித்துவிடுமோ என்று கவலை. போகாவிட்டால் ஐஸ் விற்காதே என்று கவலை. இதில் பெண் வீட்டுக்கு அம்மா அனுப்பிய போட்டோ நான்கு வருடம் முந்தியது. அதில் என் தலை கருவேலங்காடு மாதிரி இருக்கும். அவர்கள் நேரில் பார்த்து, "ஏமாத்திட்டீங்களே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அம்மா அந்த ஊர்ப் பக்கம் தலைகாட்ட முடியாது. பெண் பார்க்க முப்பத்தெட்டு நாள் இருந்தது.

நோட்டில் விழுகிற முடியைத் தினமும் எண்ண ஆரம்பித்தேன். ஒருநாள் அந்த எண்ணிக்கையை ஞாபகப் பிசகாகப் படகுக் கணக்கிலேயே குறித்துவிட்டேன். "எந்தப் படகுடா நாப்பத்தோரு கட்டி ஏத்துச்சு?" என்று முதலாளி கேட்டார். கூலிங் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"குனிடா தம்பி."

குனிந்தேன்.

"உள்ள எரியுது. வேரு வெந்துக்கிட்டு இருக்கு. வெந்த வேருல என்னடா மொளைக்கும்?"

அன்றிலிருந்து காலையும் மாலையும் ஈரத் துணியில் தூள் ஐஸைக் கட்டி என் உச்சியில் வைத்தார். ஒன்பது நாள். பத்தாம் நாள் எனக்குக் குரலே வரவில்லை, மூக்கு ஒழுகுவது நிற்கவில்லை. அம்மா பிளாண்டு வாசலுக்கே வந்துவிட்டாள். "ஏய்யா, எம்புள்ளைய என்ன மீனுன்னு நெனச்சியா, ஐஸ் போட்டு வைக்க?"

கூலிங் அண்ணன் தலை குனிந்து நின்றார். மறுநாள் அவரே லீவு போட்டு, என்னைப் புதுக்கோட்டையில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனார். அந்த அம்மா என் தலையை லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்: இது பரம்பரையாக வருவது. ஆண்களுக்குச் சுரக்கிற ஹார்மோன் ஒன்று முடியின் வேரைச் சுருக்குகிறது. பல பேருக்கு அந்த வேரைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத அளவில் லேசான அழற்சியும் இருக்கிறது.

கூலிங் அண்ணன் நாற்காலியில் இருந்து எழுந்தே விட்டார். "அழற்சின்னா சூடுதானுங்களே? நான் சொன்னேன்ல!"

"உக்காருங்க. அந்த அழற்சியால முடி போகுதா, முடி போறதால அழற்சி வருதான்னு இன்னும் முடிவாத் தெரியல. எப்படி இருந்தாலும் ஐஸ் அங்க போய்ச் சேராது. நேரா வச்சா தோலுதான் புண்ணாகும்."

"அப்ப அத மட்டும் அணைக்கிற மருந்து?"

"ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருக்காங்க."

இப்போதைக்கு இருப்பது, தினம் தடவுகிற மருந்து, வாரம் இரண்டு தடவை தலைத்தோலை ஆற்றுகிற ஷாம்பு. மாத்திரையும் உண்டு, ஆனால் பக்க விளைவு பற்றி உட்கார்ந்து பேசிவிட்டுத்தான். நம் ரத்தத்தையே எடுத்துத் தலையில் ஊசி போடுவதும் உண்டு. செலவு ஜாஸ்தி, எல்லோருக்கும் கேட்காது. எதுவானாலும் பலன் தெரிய ஆறு மாதமாவது ஆகும், விட்டால் பழையபடி கொட்டும்.

நான், "எனக்கு இருபத்தெட்டு நாள்தாங்க இருக்கு" என்றேன்.

"அது மட்டும் இல்ல தம்பி. தடவ ஆரம்பிச்சா மொதக் கொஞ்ச வாரம் இன்னும் கூடக் கொட்டும். பயந்துறாதீங்க."

என்னிடம் போய்ப் பயப்படாதே என்கிறார். நாங்கள் எழுந்திருக்கும்போது டாக்டரம்மா குல்லாவைப் பார்த்து, "நீங்களும் கழட்டுங்க, பாத்துருவோம்" என்றார். கூலிங் அண்ணன் இரண்டு கையாலும் குல்லாவைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் இல்லீங்க. தம்பிக்குத்தான்."

மருந்துக் கடையில் என் பையில் பணம் பத்தவில்லை. குறைந்த அறுநூற்று நாற்பது ரூபாயை அவர் கொடுத்தார். "மொளைச்சப்பறம் குடு. மொளைக்காட்டி வேணாம்."

டாக்டரம்மா சொன்னபடியே கொட்டியது. திருவரங்குளம் போகிற நாளில், இருந்த முடியை எல்லாம் பின்னாலிருந்து முன்னால் இழுத்து, எண்ணெய் போட்டுப் படிய வைத்து, கழுத்தைத் திருப்பாமல் போய் உட்கார்ந்தேன். வியர்வை கொட்டியது. பெண்ணின் அத்தை நல்ல மனசோடு, "மாப்பிள்ளைக்கு வேர்க்குது பாரு" என்று ஃபேனைக் கூட்டி வைத்தார்.

முடி எழுந்து நின்றது. ஒரே வீச்சில், மூடி திறந்த மாதிரி.

பெண்ணின் அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார். அம்மா என் பக்கம் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

அப்போது பக்கத்தில், "உஸ்ஸ்... என்னா வெக்கை" என்று ஒரு சத்தம். கூலிங் அண்ணன் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒற்றை முடி இல்லை. வெயிலே படாத தலை, உரித்த பனங்கிழங்கு மாதிரி வெளுத்திருந்தது. எல்லார் கண்ணும் அங்கே போய்விட்டது. அதன் பக்கத்தில் என் தலை உண்மையாகவே காடுதான்.

கத்தாரில் இருந்து திரும்பியவரான பெண்ணின் அப்பா, தன் வழுக்கையைத் தடவிக்கொண்டே கேட்டார்: "எனக்கு அங்கிட்டுத் தண்ணில போச்சுங்க. ஒங்களுக்கு?"

"எனக்கு ஐஸ் தண்ணிங்க."

அத்தைதான் முதலில் சிரித்தார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "அந்தப் போட்டோ நாலு வருசத்துக்கு முந்தினதுங்க" என்று சொல்லிவிட்டேன்.

கதவோரம் நின்ற பெண் வாயைத் திறந்தாள். "தெரியுங்க. பின்னாடி சொவத்துல காலண்டர் தொங்குது. பெருசாக்கி வருசத்தப் பாத்தேன். அதைச் சொல்றீங்களா இல்லையான்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

எல்லாவற்றுக்கும் கவலைப்பட்ட நான் அந்தக் காலண்டருக்கு மட்டும் கவலைப்படாமல் இருந்திருக்கிறேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் கூலிங் அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து தலையை வெளியே காட்டிக்கொண்டு வந்தார். "இருபத்து மூணு வருசமாச்சுடா தம்பி, காத்து பட்டு. பொண்ணு பாக்கப் போன எடத்துல என் தலையப் பாத்துச் சிரிச்சுட்டாங்க. அன்னிக்குப் போட்ட குல்லா" என்றார். குல்லாவை அவர் மறுபடி போடவே இல்லை.

எனக்கும் அந்தப் பெண்ணுக்கும் கல்யாணமாகி இரண்டு வருடம். மருந்தை விடவில்லை. தினமும் காலையில் பிளாண்டு வாசலில் கூலிங் அண்ணன், "குனிடா, மொளைச்சிருக்கா பாப்போம்" என்பார். உச்சியில் நன்றாகவே மூடியிருக்கிறது என்று வீட்டில் அவள் சொல்கிறாள். ஆனாலும் பிளாண்டுக்குப் போகும்போது மட்டும் நான் தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொள்கிறேன். "இன்னும் இல்லண்ணே" என்கிறேன். "சரி, நாளைக்குப் பாப்போம்" என்கிறார்.

அவருக்கு நான் தர வேண்டியது இன்னும் அறுநூற்று நாற்பது ரூபாய்.