கவர்மெண்ட் உத்தியோகத் துடிப்பு

தலவாக்கலைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்தில் தெய்வம் வந்து இறங்கியது, ஓட்டோவில். பெயர் நாதமணி சாமியார். போன வருஷம் வரை ஹட்டனில் போன் கவர் விற்ற யோகேஸ்வரன்தான் அவர். தாடி வளர்ந்ததும் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. தாடிக்கு அவ்வளவு சக்தி!

கர்ப்பிணியின் வயிற்றில் கையளவு கருவி ஒன்றை வைப்பார். கோயில் திருவிழா ஸ்பீக்கரில் 'தொப் தொப்' என்று சத்தம் வரும். பிள்ளையின் இதயம் பேசுகிறதாம். வேகமாக அடித்தால் வெளிநாட்டு யோகம். மெதுவாக அடித்தால் கவர்மெண்ட் உத்தியோகம். காசிருந்தால் எவனும் வாங்கக்கூடிய கருவிதான். ஆனால் அதற்கு விபூதி பூசிவிட்டாரே, அப்புறம் என்ன கேள்வி? ஞாயிற்றுக்கிழமை லய வீடுகளில் குடியிருக்கும் தோட்டத்துச் சனம் முழுக்கக் கோயில் மடத்தில்தான் கிடந்தது.

எட்டு மாத வயிற்றோடு பிரேமினியும் வந்தாள். யோகம் கேட்க அல்ல. முந்தின நாளிலிருந்து பிள்ளை அசையவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அழுதவளை மாமியார் அம்மாக்கண்ணு இங்கே இழுத்து வந்திருந்தாள்.

"அங்க போனா வயித்த கிழிச்சிருவாங்கடி. சாமி ஒரு வார்த்த சொன்னா போதும்."

சாமி கருவியை வைத்தார். தொப்... தொப்... தொப்... நல்ல நிதானம்.

"அடேங்கப்பா, கவர்மெண்ட் உத்தியோகம்! புள்ள பொறுமையா தூங்குது. ஆஸ்பத்திரி பக்கம் போயிறாதீங்க, யோகம் கலைஞ்சிரும்."

மடமே கைதட்டியது. அம்மாக்கண்ணுவுக்கு ஆனந்தக் கண்ணீர். பிறக்காத பேரப்பிள்ளை அவள் மனதில் அதற்குள் கச்சேரி எனும் அரசாங்க ஆபீசில் உட்கார்ந்து கையெழுத்துப் போட ஆரம்பித்துவிட்டது.

பிரேமினி மட்டும் எழும்பவில்லை. "சாமி, போன மாசம் கிளினிக்ல கேட்டப்ப ஓடுற மாதிரி கேட்டுச்சிங்க. இது நடக்குதே?"

"அன்னிக்கி வெளையாடுச்சிம்மா. இன்னிக்கி படிக்குது."

கருப்பையில் டியூஷன் வகுப்பு! அதற்கும் தலையாட்டினார்கள் நம் ஆட்கள்.

பிரேமினி தன் மணிக்கட்டில் விரலை வைத்தாள். ஸ்பீக்கரில் ஒரு தொப், விரலுக்கடியில் ஒரு துடிப்பு. மறுபடியும் அப்படியே. மறுபடியும். அவள் முகம் வெளுத்துப்போனது.

"ஐயோ, இது எம்புள்ள இல்ல! இது என்னோட நாடிங்க!"

"தாயும் புள்ளயும் ஒண்ணுதானேம்மா" என்று சாமி இளித்தார்.

அவ்வளவுதான். கருவியைப் பிடுங்கி அவர் கழுத்தில் வைத்து அழுத்தினாள். தொப்தொப்தொப்தொப்! ஸ்பீக்கர் அலறியது.

"சாமிக்கு எத்தன மாசங்க? இந்த ஓட்டம் ஓடுது, வெளிநாடா?"

மடம் சிரித்த சிரிப்பில் சாமி செருப்பைக்கூட மறந்து ஓடினார். அவர் வந்த ஓட்டோவிலேயே பிரேமினியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே டாக்டரம்மாவும் வயிற்றில் கருவிதான் வைத்தார். டொப்ளர் ஸ்கேன். பிள்ளையின் இதயத்துக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று திரையில் நெடுநேரம் பார்த்தார். உத்தியோகம் எதுவும் தெரியவில்லை போலும். "இதயம் ரொம்ப களைச்சிருக்கு, இப்பவே எடுக்கணும்" என்றார். எடுத்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு குட்டிப் பெண்பிள்ளை, உயிரோடு.

பெட்டியைப் பார்த்து அம்மாக்கண்ணு கும்பிட்டாள். "எந்தச் சாமி புண்ணியமோ!"

"சாமி சொன்னத கேட்டிருந்தா இந்நேரம் குழி வெட்டியிருப்பீங்க மாமி" என்றாள் பிரேமினி.

இந்த ஞாயிறு மடத்துக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். தாடி இன்னும் நீளம், வரிசையும் அப்படியே. வரிசையில் நிற்கும் புண்ணியவான்களே, மணிக்கட்டு உங்களுக்கும் இருக்கிறது. கொஞ்சம் தொட்டுப் பாருங்கள். அங்கே ஓடும் ரத்தம் மூளைக்கும் போகிறதா என்று ஒரு தடவை யோசியுங்கள்.