மடிப்புக்கு ரெண்டு இஞ்சு

சைக்கிளில் ஏறுவதற்கு அவளுக்கு ஒரு செங்கல் போதும். இறங்குவதற்குத்தான் வழியில்லை. ஏறின இடத்தில் இருக்கிற செங்கல் இறங்குகிற இடத்தில் இருப்பதில்லையே. ஆகவே அதே செங்கல்லைத் தேடி, அலுவலக வளாகத்தை நான்காவது முறையாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஜன்னல்களில் மொத்த அலுவலகமும் நின்று வேடிக்கை பார்த்தது.

"அரையடி, மதியச் சாப்பாட்டுக்காவது இறங்குவியா?" என்று மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

அரையடி என்பது அலுவலகத்தார் வைத்த பேர். மேஜைமேல் கிடக்கும் ஆறு அங்குல அடிக்கோலைப் பார்த்து யாரோ வைத்தார்கள், ஒட்டிக்கொண்டது. உண்மையில் அவள் உயரம் நாலடி பத்து அங்குலம். அந்தச் சைக்கிளோ ஆறடி இரண்டு அங்குல ஆளுக்காக வாங்கியது. அந்த ஆளுக்கு அலுவலகத்தார் வைத்த பேர் நெடுமரம். போன மாதம் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.

விஷயம் இதுதான். மலை உச்சியில், காற்றில் எவ்வளவு தூசு இருக்கிறது என்று அளக்கும் நிலையம் ஒன்று இருக்கிறது. தினமும் ஒருவர் ஏறிப்போய், வடிகட்டித் தாளை மாற்றி, எட்டரைக்குள் போனில் அளவைச் சொல்ல வேண்டும். மோட்டார் வண்டியில் போகக் கூடாது. போனால் கருவி அந்த வண்டியின் புகையையும் சேர்த்து அளந்து, ஊரே நாசமாகிவிட்டது என்று சொல்லிவிடும். அதனால்தான் சைக்கிள். நெடுமரத்தின் வீடு மலையடிவாரத்திலேயே இருந்தது. பதினோரு வருடம் அவருடைய போன் எட்டரைக்குத் தவறாமல் அடித்தது. நாற்பது நிமிஷத்தில் ஏறிவிடுவாராம். அலுவலகத்தில் அதை ஒரு சாதனை மாதிரி சொல்லிக்கொள்வார்கள்.

அவள் ஒன்பது வருடமாகப் பதிவறையில் இருந்தாள். தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறை. வெளியே மழையா என்று தெரிய வேண்டுமானால் மேலேயிருந்து யாராவது ஈரக் குடையோடு வர வேண்டும். நெடுமரத்தின் வேலை காலி என்று பலகையில் ஒட்டிய அன்றே மனு எழுதிக் கொடுத்துவிட்டாள். வாழ்க்கையில் அவள் ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

அதிகாரி அவளை மேலும் கீழும் பார்த்தார். பார்க்க அதிக நேரம் ஆகவில்லை.

"ரெண்டு வாரம் பழகிப் பாருங்க. கடைசி நாள் நீங்க ஏறிப் போங்க, நானே மேலே இருக்கிற காவலாளிக்குப் போன் பண்ணிக் கேப்பேன். அவர் மாதிரியே வந்தீங்கன்னா வேலை உங்களுக்கு. இல்லேன்னா பதிவறை எங்கயும் ஓடிப்போயிடாது."

அதுவரை மேலே தற்காலிகமாக வேறொருவர் பார்த்துக்கொண்டார்.

முதல் வைத்தியம் தெருமுனை மெக்கானிக் செய்தது. இருக்கையைத் தாங்கும் கம்பியை ஒரு சாண் அறுத்து எடுத்துவிட்டார். இப்போது கால் எட்டியது. ஆனால் ஹேண்டில் மோவாய்க்கு நேராக வந்து நின்றது. பிரேக்கைப் பிடிக்க விரல் எட்டவில்லை. எட்டிப் பிடித்த ஒரே தடவை, வண்டி நின்றது, அவள் நிற்கவில்லை. நடுக்கம்பியில் வந்து உட்கார்ந்தாள். அந்த வலியை இங்கே விவரிக்க வேண்டாம்.

அன்று மாலை சைக்கிள் கடைக்குப் போனாள். கடைக்காரர் ரோஜா நிறத்தில் ஒரு மலைச் சைக்கிளை உருட்டி வந்து, பெண்களுக்கென்றே செய்தது என்றார்.

"இதுல என்ன வித்தியாசம்?"

கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். "கலருங்க," என்றார்.

பிறகு அவருக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. குள்ளமானவர்களுக்குச் சட்டம் சின்னதாக, ஹேண்டில் கிட்டத்தில் வருகிற மாதிரி வெளியூரிலிருந்து வரவழைக்கலாம், ஆனால் வந்த பிறகு திருப்பி எடுக்க மாட்டேன் என்றார். இரண்டே இரண்டு அளவு வேண்டும். ஒன்று, காலின் உள்ளளவு. சுவரோடு நின்று, தடியான புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே வைத்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளக்க வேண்டும். இன்னொன்று கை நீளம்.

அவள் கணவர் தையல்காரர். கல்யாணமான நாளிலிருந்து அவளுடைய கஷ்டம் எதுவும் அவருடைய தொழிலுக்குள் வந்ததில்லை. இது வந்ததும் மனிதர் தலைகால் புரியாமல் துள்ளினார். வீட்டில் தடியான புத்தகம் கிடையாது. கல்யாண ஆல்பத்தை எடுத்துவந்து வைத்து, டேப்பைப் பிடித்து, இரண்டு தடவை சரிபார்த்து, சீட்டில் எழுதி, தானே கொண்டுபோய்க் கடையில் கொடுத்துவிட்டு வந்தார்.

ஒன்பதாம் நாள் சைக்கிள் வந்தது. அழகான வண்டி. அவள் காலைத் தூக்கிப் போட்டு நின்றாள். நிற்க முடியவில்லை. பெருவிரல் மட்டும் தரையைத் தடவியது. கையை முழுசாக நீட்டினாலும் பிரேக் விரல்நுனியோடு நின்றுகொண்டது. மறுபடி காலை அளந்தார்கள். இருபத்தாறு இஞ்சு. வண்டியோடு வந்த கடைச்சீட்டை எடுத்துப் பார்த்தாள்.

"இதுல இருபத்தெட்டுன்னு இருக்கே?"

"அளவு இருபத்தாறுதான். மடிப்புக்கு ரெண்டு இஞ்சு விட்டேன்."

"சைக்கிளுக்கு எதுக்குங்க மடிப்பு?"

"பின்னாடி பத்தாமப் போச்சுன்னா பிரிச்சு விட்டுக்கலாம்ல," என்றார். முப்பது வருடத் தொழில் அவர் வாயிலிருந்து தானாகப் பேசியது. கைக்கும் ஒரு இஞ்சு லூஸ் விட்டிருந்தார்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. முகம் செத்துப்போயிற்று. அவள் திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை. அவள் சைக்கிளை ஒரு ஓரமாகச் சாத்திவிட்டுப் போய்ப் பாத்திரம் தேய்த்தாள்.

அதற்குப் பிறகு அவர் வண்டியை ஆல்டர் செய்ய ஆரம்பித்தார். செருப்புத் தைப்பவரிடம் சொல்லி இரண்டு இஞ்சு தடிமனில் அடிவைத்த ஷூ வந்தது. அதைப் போட்டுக்கொண்டு திரும்பினால் ஷூவின் முனை முன்சக்கரத்தில் இடித்தது. முதல் திருப்பத்திலேயே பக்கத்து வீட்டு வேலிக்குள் போனாள். ஷூவை விட்டுவிட்டு, பெடலில் மரக்கட்டை வைத்துக் கட்டினார். கட்டைகள் கனத்தில் தாமே சுழன்று கணுக்காலைப் பதம்பார்த்தன. ஹேண்டிலைக் கழற்றிப் பின்பக்கம் திருப்பி மாட்டினார். இப்போது கைக்கு எட்டியது, ஆனால் மிதிக்கிறபோதெல்லாம் முழங்கால் அதில் இடித்தது. பன்னிரண்டாம் நாள் இரண்டு முழங்காலும் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன.

கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம் அவள் வாசல்படியில் உட்கார்ந்து அழுதாள். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, டேப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"எனக்கு வேலை நேரத்துல வானத்தப் பாக்கணும்ங்க. வேறென்ன கேட்டேன்?"

"எல்லாம் என்னாலதான்," என்றார். அவள் இல்லையென்று சொல்லவில்லை.

மறுநாள் வெளிச்சம் வந்ததுமே கிளம்பிவிட்டாள். மோட்டார் வண்டிகள் ஏறாதபடி அடிவாரத்தில் கட்டியிருந்த சங்கிலியைத் தாண்டிய முதல் திருப்பத்தில் விழுந்தாள். இரண்டாவதில் விழுந்தாள். மூன்றாவதில், விழுவதற்கு முன்பே இறங்கப் பார்த்து விழுந்தாள். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, சைக்கிளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். இனி எப்படிப் போனால் என்ன. ஒருநாளாவது மேலே நின்று பார்த்துவிட்டு வரலாம் என்று நினைத்தாள்.

ஆறு கிலோமீட்டர். போகப்போக மரங்கள் குறைந்து வானம் அகலமாகிக்கொண்டே வந்தது. அது அவ்வளவு அழகாக இருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. நாளைக்கு இந்நேரம் குழல்விளக்குக்குக் கீழே உட்கார்ந்து கோப்புகளுக்கு எண் போட்டுக்கொண்டிருப்போம் என்ற நினைப்பு கூடவே நடந்து வந்தது.

மேலே வந்து சேர்ந்தபோது மணி எட்டு பத்து. காவலாளி கேட்டுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கடைசி வளைவிலிருந்தே அவள் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எழுந்து கேட்டைத் திறந்துவிட்டார். ஓட்டிக்கொண்டு வந்தேன் என்று சொல்லிவிடுங்கள் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. உள்ளே போய்த் தாளை மாற்றினாள். அளவைக் குறித்தாள்.

போன் அடித்தது. காவலாளி எடுத்தார். அதிகாரி பேசினால் போன் தேவையில்லை, அவ்வளவு சத்தம்.

"அந்தம்மா வந்தாச்சா? எப்படி வந்தாங்க? உள்ளதச் சொல்லு, நெடுமரம் மாதிரியே வந்தாங்களா?"

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"அச்சு அசலா அவர் மாதிரியேதான் சார், தள்ளிக்கிட்டே வந்தாங்க," என்றார் காவலாளி. "அவருக்கு எங்க சார் சைக்கிள் ஓட்டத் தெரியும்?"