வேடியப்பனுக்கு வைத்த எனாமல் மீசை

கல்வெட்டு கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டும், பொறுமை வேண்டும், வெயிலில் அலையத் தெம்பு வேண்டும் என்பார்கள். எனக்கு இவை மூன்றும் கிடையாது. இருந்தும் எங்கள் ஊரின் வயதைக் கண்டுபிடித்தவன் நான்தான். எனாமல் பெயின்ட்டால் கண்டுபிடித்தேன். (முழுதாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.)

எண்பதுகளின் தொடக்கம். திருவண்ணாமலையில் எப்படியோ தேறி வரலாற்றுப் பட்டம் வாங்கிவிட்டு, கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரில் வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தேன். ஊர் எல்லையில், சாலையோரத்தில் வேடியப்பன் நிற்கிறார். மார்பளவு உயரமுள்ள பலகைக்கல். அதில் புடைப்பாக ஒரு ஆள். கண் எது, மூக்கு எது என்று தெரியாது. காரணம் எண்ணெய். செக்கில் புது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை ஆட்டினால், முதல் எண்ணெய் அவர் தலைக்குத்தான். எத்தனை தலைமுறை எண்ணெயோ, கல்லின் மேல் கறுப்பாகத் தடித்துப்போயிருந்தது.

அந்த வேடியப்பனுக்குத்தான் ஆபத்து வந்தது. சாலையை அகலப்படுத்த அளந்தவர்கள் கல்லைப் பெயர்த்து வேறெங்காவது வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். நட்ட இடத்தை விட்டு நகர்ந்த வேடியப்பனுக்கு நாங்கள் பொங்கல் வைப்பதில்லை. அப்புறம் அது வெறும் கல். தை மாதம் என் அக்கா செல்விக்குக் கல்யாணம் வேறு. எங்கள் வீட்டுப் பெண் எவளும் அவருக்குப் பொங்கல் வைக்காமல் மணையில் உட்கார்ந்ததில்லை.

"ஹிஸ்டரி படிச்சவன்தானடா நீ? எதனா பண்ணு" என்றாள் அக்கா.

பண்ணினேன். வேடியப்பன் என்று நாம் கும்பிடுவது சண்டையில் செத்த வீரனுக்கு அந்தக் காலத்தில் நட்ட நடுகல் என்று கல்லூரியில் கேட்டிருந்தேன். கெஞ்சிக் கூத்தாடி, ஒரு தொல்லியல் அதிகாரியை வரச் சம்மதிக்க வைத்தேன். சாலை ஓவர்சியரும் நல்ல மனிதர். "அவர் பழைய கல்லுனு சொல்லட்டும், ரோட்டை வளைச்சிக்கறோம்" என்றார். அன்று டீக்கடையில் நான் பேசிய பேச்சைக் கேட்டவர்கள் வேடியப்பனையே என் பையில் வைத்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

அத்துடன் நிறுத்தியிருக்கலாம்.

எங்கள் ஊரில் அதிகாரி வருகிறார் என்றால் எதற்காவது பெயின்ட் அடித்தே தீருவோம். பள்ளி இன்ஸ்பெக்டர் வந்தால் பள்ளிக்கூடச் சுவருக்கு வெள்ளை. கலெக்டர் வந்தால் சாலையோரப் புளியமரங்களுக்குச் சுண்ணாம்பும் காவியும். அப்படியிருக்க, கல்லைப் பார்க்கவே ஒரு அதிகாரி வரும்போது கல்லைச் சும்மா விடுவதா? கடைகளுக்குப் போர்டு எழுதும் இஸ்மாயில் பாயிடம் ஓடினேன்.

"பெரிய ஆபீசர் வராரு பாய். பளிச்சுனு இருக்கணும்."

"கவலைய வுடு தம்பி. நம்ம ஊர் மானம் இல்ல? பெயின்ட்ட ஜாஸ்தியாவே ஏத்திடறேன்" என்றார் பாய்.

ஏற்றினார். உடம்புக்கு ரோஸ், வேட்டிக்கு மஞ்சள், பின்னணிக்கு ஆகாய நீலம். வேடியப்பன் கையில் நீளமாக, வளைவாக ஏதோ இருந்தது. கரும்பு என்று இருவரும் ஒருமனதாக முடிவு செய்து பச்சை அடித்தோம். மறுநாள் காலை பாய் தள்ளி நின்று பார்த்தார். "மூஞ்சி மொட்டையா கீது தம்பி" என்று சொல்லி, காதிலிருந்து காதுவரை ஒரு கறுப்பு மீசை வைத்தார். எனக்குப் புல்லரித்தது.

பத்து மணி பஸ்ஸில் அதிகாரி வந்து இறங்கினார். தும்பைப்பூ மாதிரி வெள்ளைச் சட்டை. ஊரே கூடியிருந்தது. அவர் வேடியப்பனைப் பார்த்தார். பிறகு, வேடியப்பனுக்குப் பின்னால் வேறு ஏதாவது கல் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்.

"கல்லு எங்கப்பா?"

"இதான் சார்."

"இதுவா? போன வாரம் செஞ்ச மாதிரி இருக்கே."

"இல்ல சார், ரொம்பப் பழசு. பெயின்ட்தான் நேத்து அடிச்சது."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. "கையில என்ன அது?"

"கரும்பு சார்."

"வில்லுய்யா அது! வில்லு!" என்று கத்திக்கொண்டே பாய்ந்தவருக்கு, எண்ணெய் ஊறிய தரை வழுக்கிவிட்டது. விழாமலிருக்க வேடியப்பனை இறுக்கிக் கட்டிக்கொண்டார். விலகியபோது அவருடைய சட்டைப்பைக்கு மேலே மீசை அச்சாக இறங்கியிருந்தது. இஸ்மாயில் பாயையும் அவர் சைக்கிளையும் அடுத்த நொடி அங்கே காணவில்லை.

"எழுத்து இருந்தாத்தான் காலம் சொல்ல முடியும். இருந்த எழுத்தையும் மூடிட்டியே" என்றார் அதிகாரி.

ஓவர்சியர் தயங்கித் தயங்கி, "அப்ப கல்லை எடுத்துடலாங்களா சார்?" என்று கேட்டார். ஊர் முகத்தில் இனி எப்படி விழிப்பது, அக்காவிடம் என்ன சொல்வது?

அவளிடம் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளே வந்துவிட்டாள். "எதனா பண்ணுனு சொன்னா இதயாடா பண்ணுவ? சாமிய பபூன் ஆக்கி வச்சிகீற!" என்று கத்தியபடி, ஆத்திரத்தில் வேடியப்பன் தோள் பக்கம் பெயின்ட்டைப் பிறாண்டினாள்.

பெயின்ட் அசைந்தது.

எண்ணெய்க்கு மேலே அடித்த பெயின்ட் கல்லைப் பிடிக்கவேயில்லை. பாய் தாராளமாகக் கலந்த டர்பன்டைன் இரவெல்லாம் இறங்கி, அடியிலிருந்த பிசுக்கையும் இளக்கியிருந்தது. அக்கா இழுத்த இழுப்பில், எண்ணெய் நன்றாக விட்ட தோசை கல்லைவிட்டுக் கிளம்புவது போல, நீல வானம் பிசுக்கோடு சேர்ந்து உரிந்து வந்தது. அடியில் கல் தெரிந்தது. கல்லில் எழுத்து தெரிந்தது. வளைந்து நெளிந்து, வரி வரியாக.

"யாரும் தொடாதீங்க!" என்று அலறினார் அதிகாரி. அடுத்த நொடியே, "நீங்க உரிங்கம்மா! மெதுவா! மெதுவா!" என்றார்.

அக்கா உரித்தாள். அவர் மண்டியிட்டு, மார்பில் மீசையோடு, எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தார். வட்டெழுத்தாம். பல்லவர் காலமாம், ஆயிரம் வருஷத்துக்கு மேலாம். கவர்ந்து போன மாடுகளை மீட்கப் போய்ச் செத்த ஒருவனுக்கு நட்ட கல்லாம். எந்த ஊர்க்காரன் என்று படித்தவர் நிறுத்தி, நிமிர்ந்து, எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார். "உங்க ஊரு பேருதான்யா. அப்படியே இருக்கு."

எழுந்த விசிலில் புளியமரத்துக் காக்கைகளெல்லாம் பறந்தன. ஓவர்சியர் டேப்பைச் சுருட்டினார். சத்தம் கேட்டு இஸ்மாயில் பாயும் சைக்கிளில் திரும்பி வந்து, என் தோளில் கைபோட்டு முன்வரிசையில் நின்றார். அதிகாரி மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இது குருட்டு அதிர்ஷ்டம். இன்னொரு கல்லுல பிரஷ் வச்ச, உன்னைப் பெயர்த்துப் போட்டுடுவேன்" என்றார்.

சாலை வளைந்தது. இன்றும் எங்கள் ஊர் எல்லையில் பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பும்போது எனக்கு நெஞ்சு நிமிரும். அந்த வளைவு நான் போட்டது. தை மாதம் அக்கா வைத்த பொங்கல் அங்கேதான் பொங்கி வழிந்தது. முதல் எண்ணெய் இப்போது வேடியப்பன் தலைக்குப் போவதில்லை, பக்கத்திலிருக்கும் விளக்குக்குப் போகிறது.

கண்டுபிடித்தது யார் என்பதில்தான் எங்கள் வீட்டில் இன்னும் தீர்ப்பு வரவில்லை. நான் பெயின்ட் என்கிறேன், அக்கா நகம் என்கிறாள். ஆனால் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் காரியத்தைக் கெடுத்தவர்களை அவள் திட்டியதேயில்லை. என் மகன் பரீட்சையில் கோட்டைவிட்டு வந்து மூலையில் நின்ற அன்று நான் கையை ஓங்கினேன். அக்கா குறுக்கே வந்து அவன் முகத்தை நிமிர்த்திப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அடிக்காதடா. உரிச்சுப் பாக்கலாம். உள்ள எதனா எழுத்து இருக்கும்."