தானே கேட்டுத் தானே சொல்லும் தகப்பனார்

நெய்வேலி என்றால் பூமிக்கு அடியில் கிடக்கும் நிலக்கரியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். பூமிக்கு மேலே, குவார்ட்டர்ஸுக்கு ஒன்றாகப் பெருகிவரும் ஓர் இனத்தைப் பற்றி நான் சொல்கிறேன். பிள்ளைக்கு இங்கிலீஷ் கதைப் புத்தகம் படித்துக் காட்டும் தகப்பனார் என்று பெயர்.

எங்கள் எதிர்வீட்டுக் கொளஞ்சிநாதன் இதில் அசல் சரக்கு. தொப்பி மாட்டிக்கொண்டு மைன்ஸுக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் போய்த் திரும்பி, குளித்து, விபூதி பூசி, பள்ளிக்கூடத்தில் எந்தப் புத்தகம் என்று விசாரித்து மெட்ராஸிலிருந்து வரவழைத்த படப் புத்தகத்தை மகள் செங்கமலத்தின் விரல் படாத உயரத்தில் பிடித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி தொடங்குவார்.

"வாட் ஈஸ் திஸ்?"

குழந்தை வாயைத் திறக்கும். அதற்குள், "திஸ் ஈஸ் எ டாக்! வெரி குட்!"

கேள்வி அவருடையது. பதில் அவருடையது. பாராட்டு மட்டும் யாருக்காம்?

"அப்பா, நாயி ஏன் தொப்பி போட்டுக்கினு இருக்குது?"

"அதெல்லாம் கேக்க மாட்டாங்க. அடுத்த பக்கத்தத் திருப்பு... இரு, நானே திருப்பறேன்."

"புள்ளைய ஒரு வார்த்த பேச வுடுங்களேன்" என்பாள் மனைவி பெரியநாயகி. அவர் காதில் விழுந்தால்தானே! குழந்தையைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

இங்கிலீஷ் மீடியத்தில் ஒரே ஓர் இடம் பாக்கி என்று தெரிந்ததும், துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு மகளோடு கிளம்பினார்.

பெரிய டீச்சரம்மா அதே புத்தகத்தைத் திறந்து, "வாட் ஈஸ் திஸ்?" என்றார்.

செங்கமலம் நிம்மதியாக அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பதில் சொல்வது அவர் வேலையல்லவா? டீச்சரம்மா மறுபடியும் கேட்டார். கொளஞ்சிநாதனுக்கு வேர்த்துக் கொட்டியது. எவ்வளவு நேரம்தான் பொறுப்பார்?

"திஸ் ஈஸ் எ டாக்!"

"வெரி குட், அப்பா!" என்று கைதட்டினாள் குழந்தை.

டீச்சரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு எங்கள் இருவரையும் வெளியே நிற்கச் சொன்னார். இடம் போயிற்று என்றே நினைத்தேன். ஜன்னல் வழியே பார்த்தால், புத்தகம் குழந்தையின் மடியில் இருந்தது. அவள் நாயின் தொப்பியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஒய் ஹேட்?" என்று தொப்பியைத் தொட்டுக் காட்டிக் கேட்டுவிட்டு டீச்சரம்மா சும்மா இருந்தார். ஆமாம், சும்மா இருந்தார்!

செங்கமலம் யோசித்தாள். பிறகு முகமெல்லாம் மலர, "டாக்... மைன்ஸ் டூட்டி! ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்!" என்றாள்.

டீச்சரம்மா வாய்விட்டுச் சிரித்தார். இடம் கிடைத்துவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று மாலை பிளாக் முழுவதும் கல்கண்டு. "எல்லாம் நம்ம டிரெய்னிங்குங்க!"

"பாப்பா, டீச்சர்கிட்ட என்ன சொன்னே?" என்று குனிந்து கேட்டேன்.

"மைன்ஸ் டூட்டின்னு சொல்லுச்சுங்க!" என்றார் கொளஞ்சிநாதன்.

இப்படியும் ஒரு மனிதரா என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அப்படியே, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தையையும் ஒன்று கேட்டுவிடுகிறேன்: பாப்பா, உங்கள் வீட்டில் அப்பா எப்படி?

ஸார், நான் பாப்பாவைத்தான் கேட்டேன்.