பூஜ்ஜியம் மணி, பூஜ்ஜியம் நிமிடம்

மூன்றாவது மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து, மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, பத்தாவது பிளேயரையும் அவன் சொருகிப் பார்த்தான். அதுவும் மற்ற ஒன்பதும் சொன்னதையேதான் சொன்னது. பாடிய நேரம்: பூஜ்ஜியம் மணி, பூஜ்ஜியம் நிமிடம்.

கைக்குள் அடங்கும் பாட்டு பிளேயர் தயாரிக்கும் கம்பெனியில் அவன் விற்பனைப் பிரிவில் இருந்தான். இளவட்டங்களெல்லாம் போனிலேயே பாட்டுக் கேட்கத் தொடங்கி வருஷக்கணக்கான பிறகு, இனி மிச்சமிருப்பது பெண்களும் வயதானவர்களும்தான் என்று தலைமை அலுவலகம் கண்டுபிடித்தது. அவர்களிடம் எப்படி விற்பது என்று கண்டுபிடிக்கும் வேலை இவன் தலையில் விழுந்தது. குடியிருக்கும் கட்டடத்திலேயே எட்டுப் பெண்கள், ஓய்வு பெற்ற ஆண்கள் இருவர் என்று பத்துப் பேரைப் பிடித்து, ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆளுக்கொரு பிளேயரைக் கொடுத்தான். அந்தப் பத்தில் ஒருவர் அவனுடைய மாமியார்.

மாத முடிவில் பத்தும் நல்ல மணிக்கணக்கைக் காட்டினால் புதுப் பிரிவுக்கு அவன்தான் தலைவன். காட்டாவிட்டால், இரண்டு நாள் ரயில் தூரத்தில் இருக்கும் கிடங்குக்கு மாற்றல். இதை மேனேஜர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அவன் மனைவி அப்போதுதான் ஒரு பெரிய மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்துக்குப் பொறுப்பாளர் ஆகியிருந்தாள். பதினோரு வருஷம் காத்திருந்து கிடைத்த நாற்காலி. அவளிடம் மாற்றல் விஷயத்தைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ஆபீஸ் நண்பன் ஒருவனிடம் மட்டும் போனில் புலம்புவான். பக்கத்திலேயே மாமியார் காதில் இயர்போனோடு, தலையை மெல்ல ஆட்டியபடி காய் நறுக்கிக்கொண்டிருப்பார். சுவருக்குக்கூடக் காது உண்டு என்பார்கள். அடைத்து வைத்த காதுக்கு என்ன பயம்?

இதில் அவனுக்குப் புரியாதது ஒன்றுதான். பத்துப் பேரும் அந்தப் பெட்டியைக் கீழே வைப்பதே இல்லை. கீழ்வீட்டுத் தையல்காரம்மா மிஷின் மிதிக்கும்போதும் காதில் ஒயர். மேல்மாடி ஓவர்சியர் மருமகளிடம் காப்பி வாங்கும்போதும் காதில் ஒயர். எப்படி இருக்கிறது என்று கேட்டால் எல்லோரும் ஒரே குரலில், இத்தனை நாள் இது இல்லாமல் எப்படி இருந்தோம் என்றே தெரியவில்லை என்றார்கள். பிறகு எப்படிப் பூஜ்ஜியம்?

படி இறங்கும்போது அவனுக்குப் பொறி தட்டியது. ஆன் பண்ணத் தெரியவில்லை. வெளியில் சொல்ல வெட்கப்படுகிறார்கள். பாவம்.

அன்றே பட்டன்களின் மேல் பெரிய பெரிய ஸ்டிக்கர் ஒட்டினான். பெண்களின் பெட்டிக்கு ரோஸ் கலர் உறை போட்டான். மறுநாள் எட்டுப் பெண்களும் உறையைக் கழற்றி அவன் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். தையல்காரம்மா மட்டும் நின்று பேசினார்.

"எனக்கு அறுபத்து மூணு வயசுப்பா. பிறந்த நாள் பலூன் மாதிரி இதைக் கழுத்துல தொங்கவிடச் சொல்றியா?"

ஓவர்சியர் ஒரு ரோஸ் உறையை யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொண்டு போனார். கணக்கு மட்டும் அப்படியே இருந்தது.

அடுத்தபடியாக, சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று மாமியாரிடம் ஆரம்பித்தான். அவர் வேண்டாம் வேண்டாம் என்று தடுக்கத் தடுக்க, பட்டனை இவனே அமுக்கினான். சத்தம் உச்சத்தில் இருந்திருக்கிறது. மாமியார் துள்ளி எழுந்ததில் காய்த்தட்டு ஒரு பக்கம், கத்தி ஒரு பக்கம். சாயங்காலத்துக்குள் கட்டடம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. இனி அந்தப் பாட்டுப்பெட்டிக்காரர் பட்டனில் கை வைத்தால் பெட்டியே வேண்டாம் என்று பத்துப் பேரும் சொல்லிவிட்டார்கள்.

அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தான், உட்கார்ந்தான், பால்கனிக்குப் போனான், எதற்குப் போனோம் என்று தெரியாமல் திரும்பி வந்தான். கட்டடமும் அந்த மாதம் சரியில்லை. தையல் மிஷினை அப்புறப்படுத்திவிட்டு அந்த மூலையில் சோபா போட மகன் ரகசியமாகத் திட்டம் வைத்திருந்தான். தையல்காரம்மா முந்திக்கொண்டு மிஷினைச் சுவரோடு சேர்த்து ஆணி அடித்துவிட்டார். ஓவர்சியரை ஊரிலுள்ள தம்பி வீட்டுக்கு அனுப்ப மருமகள் பேசிக்கொண்டிருந்தாள். அவர் தம்பியையே இங்கே வரவழைத்துவிட்டார். வீட்டுக்கு வீடு சண்டை. எல்லாம் வெயில் என்று அவன் நினைத்தான்.

அவன் மனைவிகூட ஒருநாள் துணி மடித்துக்கொண்டே, "அந்தக் கிடங்கு இருக்கிற ஊர்ல தண்ணிக்குக் கஷ்டமாமே?" என்றாள்.

அவன் சட்டென்று நிமிர்ந்தான். "எந்தக் கிடங்கு?"

"உங்க கம்பெனி கிடங்குதான். பேப்பர்ல ஏதோ பார்த்தேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கம்பெனிக் கிடங்கைப் பற்றி எந்தப் பேப்பர்க்காரன் எழுதுவான் என்று யோசிக்கும் நிலையில் அவன் இல்லை.

மாத முடிவுக்கு நான்கு நாள் இருந்தது. அவன் செய்யக்கூடாத காரியத்தைச் செய்தான். சர்வீஸ் என்று சொல்லிப் பத்து பிளேயரையும் வாங்கி வந்து, பீரோவுக்குள் சார்ஜரோடு வரிசையாக வைத்து, ஆன் பண்ணிப் பூட்டினான். மூன்று நாள் பத்தும் இருட்டில் தாமாகப் பாடிக்கொண்டிருந்தன. வெளியே பத்துப் பேரும் கை ஒடிந்தவர்கள் போலத் திரிந்தார்கள். மாமியார் ஒரு நாளைக்கு நாலு தடவை, "சர்வீஸ் முடிஞ்சுதா மாப்பிள்ளை?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் அவனுக்குக் குற்ற உணர்ச்சியும் வந்தது, நம்பிக்கையும் வந்தது.

கணக்கு அழகாக ஏறியிருந்தது. ஆளுக்கு எழுபத்திரண்டு மணி. அனுப்பிய பிறகுதான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. சத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தொழிற்சாலையில் ஏற்றி அனுப்பிய ஒரே ஒரு பாட்டுதான் அவற்றில் இருந்தது. அது ஒரு தாலாட்டு.

மேனேஜர் அவனைத் தேடி வந்தே கை கொடுத்தார். வயதானவர்கள் எழுபத்திரண்டு மணி நேரம் தாலாட்டுக் கேட்கிறார்கள் என்பது இந்தத் தொழிலில் யாருக்குமே தெரியாத விஷயமாம். தலைமை அலுவலகத்தில் அட்டைப்பெட்டிக்குத் தொட்டில் படம் போடச் சொல்லிவிட்டார்களாம். டைரக்டர் அம்மாவே அந்தப் பத்துப் பேரையும் பார்க்க வெள்ளிக்கிழமை நேரில் வருகிறாராம்.

பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்தபடி அவன் வீடு வீடாக ஏறி இறங்கினான். யாராவது கேட்டால் தாலாட்டு பிடித்திருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள் என்று கெஞ்சினான். ஏன் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. பெட்டியைத் திருப்பிக் கேட்காமல் இருந்தால் சரி என்றார்கள்.

வெள்ளிக்கிழமை, ஆபீஸின் மீட்டிங் அறை. பத்துப் பேரும் வரிசையாக, காதில் ஒயரோடு, சாந்தமாக உட்கார்ந்திருந்தார்கள். தையல்காரம்மா கையோடு கொண்டுவந்த சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். டைரக்டர் அம்மா கணக்குத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களை ஆசையாகப் பார்த்தார். இவன் அறைக் கோடியில் நின்று தண்ணீர் பாட்டில்களை அடுக்கினான், கலைத்தான், மறுபடி அடுக்கினான்.

மேனேஜர் டைரக்டர் அம்மாவின் பக்கம் சாய்ந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார். இவனுக்கு அது எட்டவில்லை. பேச்சு முடிந்ததும் டைரக்டர் அம்மா முன்வரிசையைப் பார்த்து, காதிலிருந்து எடுக்கும்படி சைகை காட்டினார். யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்.

மாமியார் எழுந்தார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லணும்மா. எங்களுக்கெல்லாம் விவரம் பத்தாது, ரெண்டு மடங்கு விலை சொன்னாலும் வாங்கிடுவோம்னு இந்த மேனேஜர் உங்ககிட்ட சொன்னார். பரவாயில்லை. ஆனா இந்த யோசனையே தன்னோடதுன்னும், எங்க மாப்பிள்ளையைக் கிடங்குக்கு அனுப்பிடலாம்னும் சொன்னார் பாருங்க, அது நியாயம் இல்லை. ஒரு மாசமா அவர் சரியாத் தூங்கல. எம்பொண்ணு வேலை போயிடக் கூடாதேன்னு வெளியில சொல்லாம உள்ளுக்குள்ளயே வெந்துட்டிருக்கார்."

அவன் கையிலிருந்த பாட்டில் உருண்டது. தன்னை ஒருவர் இத்தனை நாள் கவனித்துக்கொண்டிருந்தார் என்பதே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. மேனேஜர் தரையைப் பார்த்தார்.

டைரக்டர் அம்மா பக்குவமானவர். குரலை உயர்த்தாமல் மேனேஜரை வெளியே காத்திருக்கச் சொன்னார். பிறகு இவனை அருகில் கூப்பிட்டு உட்காரவைத்து, புதுப் பிரிவு அவனுக்குத்தான், மாற்றல் கீற்றல் எதுவும் கிடையாது என்றார். கணக்குத் தாளில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். இவன் ஒரு மாதத்தில் முதல் தடவையாக நாற்காலியில் முழுதாகச் சாய்ந்தான்.

பேனா தாளைத் தொடுமுன் நின்றது.

"அது சரி, தாலாட்டு காதுல ஓடிட்டு இருக்கும்போது, அவர் மெதுவாப் பேசினது உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு?"

மாமியார் மாப்பிள்ளையைப் பார்த்தார். ஓவர்சியர் கூரையைப் பார்த்தார். தையல்காரம்மாதான் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, நிமிராமலேயே பதில் சொன்னார்.

"பாட்டைப் போட்டா எப்படிம்மா கேக்கும்?"